காலி இடத்தைப் பார்க்கப் பழகுங்கள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இப்போதுதான் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஷிஃப்ட் முடிந்த கையோடு மைதானத்துக்கு ஓடிய காலம் போய், இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து பார்க்க முடிகிறது. டீக்கடையில் நீங்கள் போடும் சண்டையும் காதில் விழுகிறது. வேறு கிளப்பிலிருந்து ஓர் ஆட்டக்காரர் வருகிறார். முதல் ஆட்டத்தில் அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடப்படுகிறார். மூன்றாவது ஆட்டம் முடிவதற்குள் "தண்டம்" ஆகிவிடுகிறார். கோச் மாற்றிக் கொண்டுவரும் புது ஆட்டமுறைக்கும் இதே கதிதான். உங்கள் ஆர்வத்தில் எனக்குக் குறை இல்லை. பார்க்கும் முறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. புது ஆள் வந்த முதல் மாதத்தில் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் பிறந்து போர்ச்சுகல் கிளப்புகளில் ஆடிய ரஃபேல் கிரிவெல்லாரோ அந்த சீசனில் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். லிதுவேனியாக்காரர் நெரிஜுஸ் வால்ஸ்கிஸும், மிசோரம் பையன் லாலியன்சுவாலா சாங்தேவும் அதே சீசனில்தான் வந்தார்கள். முதல் நான்கு ஆட்டங்களில் நம் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, பெங்களூருவிடம் 0-3. நேரு ஸ்டேடியத்தில் ஹைதராபாத்துடன் ஆடிய ஐந்தாவது ஆட்டத்தில்தான் முதல் கோல் விழுந்தது, அதுவும் 90 நிமிடம் தாண்டிய பிறகு. நவம்பர் கடைசியில் கோச் ஜான் கிரிகரி விலகினார். கிரிவெல்லாரோ பணத்துக்கு வந்தவர், வேகம் இல்லாதவர் என்று எத்தனை பேர் அப்போது பேசினார்கள் தெரியுமா?

டிசம்பரில் ஓவன் கொய்ல் கோச்சாக வந்தார். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். கிரிவெல்லாரோவை ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் அவர் விருப்பப்படி நகரவிட்டார்கள். சாங்தேவின் வேகத்துக்கு எதிரணி டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓட இடம் கிடைத்தது. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார். கிரிவெல்லாரோ 7 கோல் அடித்து, இன்னும் 8 கோலுக்குப் பந்து கொடுத்தார். பட்டியலின் அடியில் கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-5 என்று வென்று, இறுதி ஆட்டம் வரை போனது. 2020 மார்ச் 14 அன்று கொல்கத்தா அணி ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றோம். கொரோனா பயத்தில் அந்த ஆட்டம் ரசிகர்கள் இல்லாமலே நடந்தது.

அக்டோபரில் தடுமாறிய காலும் பிப்ரவரியில் கலக்கிய காலும் ஒரே ஆளுடையவை. அவரைச் சுற்றி நின்றவர்கள் எங்கே நின்றார்கள் என்பதுதான் மாறியது. ஆகவே புது ஆள் சரியில்லை என்று சொல்ல வாய் வரும்போது, அவர் தலையைத் தூக்கிப் பார்த்த நேரத்தில் பந்து கொடுக்க எத்தனை பேர் காலியாக நின்றார்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஒருவரும் இல்லையென்றால் குறை அவருடையது இல்லை.

2. பந்தை விட்டுக் கண்ணை எடுங்கள்.

இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். டிவி கேமரா பந்து போகும் வழியே போகிறது. அதனால் டிவியில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் பாதி கண்ணில் படுவதே இல்லை. ஸ்டேடியத்துக்குப் போகும்போது கீழ் வரிசைக்கு அடித்துக்கொள்ளாமல் மேல் வரிசையில் உட்காருங்கள். கோல் போஸ்டுக்குப் பின்பக்கம் உயரமாக இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு அணியின் வரிசைகளும், வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் அங்கிருந்துதான் தெரியும்.

ஒரு பத்து நிமிடம் ஒரே ஒரு விங்கரைப் பாருங்கள். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நிற்பார். பந்து அவர் பக்கம் வரவே வராது. பக்கத்தில் இருப்பவர் "தூங்குறான் பாரு" என்பார். ஆனால் எதிரணி பேக் அவரை விட்டு உள்ளே நகர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். அந்த பேக்குக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவில் பத்துப் பதினைந்து மீட்டர் திறந்து கிடக்கும். நடுக்களத்திலிருந்து ஒரு த்ரூ பால் அந்த வழியே போய் கோல் விழுந்தால், ஸ்கோர்போர்டில் பெயர் வருவது அடித்தவருக்கு. விங்கர் பந்தைத் தொடாமலே அந்தக் கோலில் பங்கெடுத்திருக்கிறார்.

அடுத்து, நடுக்கள ஆட்டக்காரரின் கழுத்தைப் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. நல்ல ஆள் பந்து காலுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்துவிடுவார். உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, தூரத்துக் காலால் பந்தை வாங்கி, வாங்கும்போதே முன்னால் திரும்பிவிடுவார். பார்க்காதவர் நேராக நின்று வாங்குவார், முதுகில் ஆள் ஏறியதும் பின்னால் தட்டிவிடுவார். புது ஆள் தேறுவாரா என்று என்னைக் கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான். கோல் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. மைதானத்தை ஏன் விரிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

"எதுக்கு சார் இவ்வளவு அகலமா நிக்கிறாங்க, நேரா கோலுக்குப் போக வேண்டியதுதானே" என்று எண்ணூர்ப் பையன் ஒருவன் கேட்டான். கேரம் ஆடுபவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது, அதனால் அவனுக்கு அதிலிருந்தே சொன்னேன். காய்கள் நடுவில் கும்பலாக இருக்கும்வரை எதையும் குழியில் தள்ள முடியாது. கலைத்துவிட்டால் ஒவ்வொரு காயும் தனியாக மாட்டும். பெரிய மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பத்துப் பேர் அத்தனை இடத்தையும் காக்க முடியாது. காக்க முடியாத இடத்தில் ஆளை நிறுத்தி, காக்கிறவரை இழுத்துப் பிரிப்பதுதான் வேலை.

இது புதிதும் இல்லை. 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிதெகுட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி இறங்கி வந்தார். அவரைக் காக்க வேண்டியவருக்குக் கூடவே போவதா, தன் இடத்தில் நிற்பதா என்று கடைசிவரை பிடிபடவில்லை. போனால் பின்னால் இடம் காலி, நின்றால் ஹிதெகுட்டி காலி. அன்று அவர் மூன்று கோல் அடித்தார்.

மைதானத்தை விரிக்கும் யோசனை நம் ஆட்டத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, கையால் எறிவது, ஹெல்மெட், மோதல். அங்கே எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை குவாட்டர்பேக் என்பார்கள். அந்த ஆட்டத்திலும் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் இதே யோசனை பரவியது. பந்து பிடிப்பவர்களை மைதானத்தின் முழு அகலத்துக்கும் நிறுத்தி, எதிரணியைப் பிரித்து, குவாட்டர்பேக் சட்டென்று காலி ஆளுக்கு எறிகிற முறை. அவர்கள் ஸ்ப்ரெட் என்கிறார்கள். அதன் ஒரு பெரிய கிளை 1989-ல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில், ஹால் மம்மி, மைக் லீச் என்ற இரண்டு கோச்சுகளின் கையில் வளர்ந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் மலை மாதிரி ஆட்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். சின்னக் கல்லூரிக்கு அப்படிப்பட்ட ஆள் கிடைக்காது. நேருக்கு நேர் மோதி ஜெயிக்க முடியாதவர்கள், மோதலே நடக்காத இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோனார்கள். உடம்பில் சின்னவர்கள் என்று நம் பிள்ளைகளை ஒதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அங்கேயும் நம் கிரிவெல்லாரோ கதை ஒன்று உண்டு. ஜோ பர்ரோ என்ற குவாட்டர்பேக். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் இடம் கிடைக்காமல் 2018-ல் லூசியானாவின் எல்.எஸ்.யூ.வுக்கு மாறினார். முதல் ஆண்டில் அவர் எறிந்து கிடைத்த டச்டவுன், அதாவது அவர்கள் கணக்கில் கோல் மாதிரி, 16. எறிந்த நூறில் 58 தான் தன் ஆள் கைக்குப் போனது. சுமாரான ஆள் என்றார்கள். அடுத்த ஆண்டு ஜோ பிரேடி என்ற இளம் கோச் வந்து ஸ்ப்ரெட் முறையை முழுசாகக் கொண்டுவந்தார். 2019-ல் பர்ரோவின் டச்டவுன் 60. நூறில் 76 கைக்குப் போனது. அணி ஆடிய 15 ஆட்டத்திலும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது. கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் அவருக்குக் கிடைத்தது. 16-க்கும் 60-க்கும் நடுவில் அந்தப் பையனுக்குப் புதுக் கை முளைக்கவில்லை.

4. சந்தில் கற்றதை மறக்காதீர்கள், சந்திலேயே நின்றுவிடாதீர்கள்.

ஆடுகிற பிள்ளைகளுக்கு இது. நம் பக்கத்துப் பையன் பந்து பழகுவது சந்தில். நிறுத்தி வைத்த பைக்குக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், சுவரில் பந்தைத் தட்டி, அது திரும்பி வரும் கோணத்தைக் கணக்குப் பண்ணி, ஆளைத் தாண்டி எடுப்பான். சுவர்தான் அவனுக்குப் பார்ட்னர். அந்தக் காலடி நுணுக்கத்தை எந்த அகாடமியும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதை நினைத்து எனக்குப் பெருமைதான்.

ஆனால் அதே பையனைப் பெரிய மைதானத்தில் விட்டால் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடுவான். விங்கில் நிறுத்தினாலும் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுவான். கும்பலுக்குள் ஆடித்தான் அவனுக்குப் பழக்கம், காலி இடத்தில் தனியாக நிற்பது அவனுக்குத் தண்டனை மாதிரி இருக்கும். கோச் வெளியே நின்று "லைனைப் பிடிடா, லைனைப் பிடி" என்று தொண்டை கிழியக் கத்துவதன் காரணம் இதுதான். தம்பி, அங்கே நில். பந்து வராவிட்டாலும் நில். நீ நிற்பதால் உன் நண்பனுக்கு வழி திறக்கிறது. எதிரி பேக் உன்னை மறந்துவிட்டு உள்ளே போகும் அந்த ஒரு தடவை, சந்தில் பழகிய காலை அப்போது காட்டு.

இதில் பெரியவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. கன்டெய்னர் யார்டும் தொழிற்சாலை மதிலும் நெருக்கும் ஊரில் முழு அளவு மைதானம் பிள்ளைக்குக் கிடைப்பதே அரிது. இருக்கிற கார்ப்பரேஷன் கிரவுண்டில் லாரி நிறுத்தவும் பந்தல் போடவும் விடாமல் காப்பது, நூறு ரூபாய் டீ-ஷர்ட் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

5. பின்னால் நிற்பவரை மறக்காதீர்கள்.

மைதானத்தை விரித்து ஆடினால் நம் பக்கமும் திறந்துவிடும். பந்து பறிபோன அந்த மூன்று விநாடியில் யார் அந்த இடத்தை அடைக்கிறார்? வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.யில் செய்தது அந்த வேலைதான். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று, இடைவெளியை முன்கூட்டியே மோப்பம் பிடித்து அடைப்பார். பார்வைக்கு ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். 2018 மார்ச் 13, கோவாவுடன் அரையிறுதி இரண்டாம் ஆட்டம். நம் ஃபார்வர்டு ஜெஜெ இரண்டு கோல் அடித்தார், நடுவில் ஒரு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் கணேஷ். 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கினோம். வியாசர்பாடியில் அன்றைக்கு எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தூங்கவில்லையோ. தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரரை ரசிக்கக் கற்றுக்கொண்டால் நீங்கள் பாதி தேறிவிட்டீர்கள்.

6. 4-3-3, 4-2-3-1 என்ற எண்களை மனப்பாடம் செய்து சண்டை போடாதீர்கள். அது ஆட்டம் தொடங்கும்போது நிற்கும் நிலை. விசில் அடித்த ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும். பந்து நம்மிடம் இருக்கும்போது எப்படி நிற்கிறார்கள், இல்லாதபோது எப்படி நிற்கிறார்கள் என்று இரண்டு படம் வரைந்து பாருங்கள், போதும்.

7. கிளப் மாறுகிறவனைத் துரோகி என்று சொல்லாதீர்கள்.

எங்கள் காலத்தில் சென்னை லீக் என்றால் டிபார்ட்மென்ட் அணிகள்தான். சதர்ன் ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, இந்தியன் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ், எங்கள் துறைமுகம். தெருக் கிளப்பில் ஆடிய பையனை ஒரு டிபார்ட்மென்ட் கூப்பிட்டால் அது ஆட்டத்துக்கு மட்டும் வந்த அழைப்பு இல்லை. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வசதி எல்லாம் அதோடு வந்தன. அந்தப் பையன் நம் தெருக் கிளப்பை விட்டுப் போனதற்காக எவரும் வைததில்லை. இனிப்பு வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். இன்றைய பையனுக்கு ஒப்பந்தம் இரண்டு வருஷம், மூன்று வருஷம். முப்பத்தைந்து வயதில் கால் ஓய்ந்துவிடும். கிடைக்கிற நேரத்தில் நல்ல இடத்துக்குப் போவது அவன் உரிமை.

நந்தகுமார் சேகரைப் பாருங்கள். சென்னை லீக்கில் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸுக்கு ஆடித் தொடங்கியவர். சென்னை சிட்டி, டெல்லி, ஒடிசா என்று போய் 2023-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். அதே ஊர் எதிரணி மோகன் பகானை நான்கரை ஆண்டுகளாக ஜெயிக்க முடியாமல் கிடந்த கிளப் அது. 2023 ஆகஸ்ட் 12, சால்ட் லேக் ஸ்டேடியம், டூரண்ட் கோப்பை ஆட்டம். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் தூரத்துப் போஸ்ட்டுக்கு வளைத்து விட்டார். 1-0. வந்த முதல் மாதத்திலேயே அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அடுத்த ஜனவரி 28, சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அவருடைய பழைய அணி ஒடிசா. பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குச் சமன் செய்யும் கோலை அடித்தவர் அவர்தான். 3-2 என்று வென்று, 12 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிளப் ஒரு தேசியக் கோப்பையைத் தொட்டது. அந்த வெட்டும் வளைவும் நம் சென்னையில் பழகியவை. அவர் நம்மை விட்டுப் போனார் என்று சொல்வதா, நம் ஊர் ஆட்டத்தை அங்கே கொண்டுபோனார் என்று சொல்வதா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

8. ஆட்டத்தை விமர்சியுங்கள், ஆளைத் தொடாதீர்கள்.

கறுப்பு நிறத்தை, கண் வடிவத்தை, சாதியை, ஊரை வைத்து ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. வடசென்னைக்காரன் என்று சொன்னதும் வேலை கொடுக்க யோசித்தவர்களை நம் வீடுகள் பார்த்திருக்கின்றன. அந்த வலி தெரிந்த வாயிலிருந்து மிசோரம் பையனைப் பார்த்தோ ஆப்பிரிக்கப் பையனைப் பார்த்தோ அப்படி ஒரு சொல் வந்தால், என்னால் உங்கள் பக்கத்தில் உட்கார முடியாது.

9. காயம்பட்டவருக்குப் பொறுமை கொடுங்கள். கிரிவெல்லாரோ 2020-21 சீசனின் நடுவில் காயமாகி உட்கார்ந்தார். அணி எட்டாம் இடத்தில் முடித்தது. ஒரே ஆளை நம்பி ஆட்டமுறையைக் கட்டினால் இதுதான் நடக்கும். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. மாற்று ஆளை வளர்த்தீர்களா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.

10. ஆடுகிற பிள்ளைகளே, டிகிரியை முடியுங்கள். பர்ரோ இன்னொரு கல்லூரிக்கு மாறிய காலத்தில், அமெரிக்காவில் மாறுகிறவர் பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. அவர் உட்காரவில்லை, ஏனென்றால் பட்டத்தை முடித்துக் கையில் வைத்திருந்தார். நம் ஊரிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போகும்போது கேட்பது சர்டிஃபிகேட்டும் மார்க் ஷீட்டும்தான். காசிமேட்டில் அப்பா ராத்திரி போட்டில் போய்ச் சம்பாதித்துக் கட்டிய ஃபீஸில் வந்த படிப்பு அது. முழங்கால் போனாலும் படிப்பு போகாது.

11. லீக் ஆட்டங்களுக்குப் போங்கள்.

ஐ.எஸ்.எல். ஆட்டம் முடிந்ததும் ஃபுட்பால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சென்னை லீக்கில் வெயிலில் ஆடுகிற பையன்களில்தான் அடுத்த கணேஷும் அடுத்த நந்தகுமாரும் இருக்கிறார்கள். கேலரியில் ஐம்பது பேர் இருந்தாலே கூட்டம் என்று சொல்லும் நிலைமை. அந்த ஐம்பதில் பாதிப்பேர் ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள். கேமரா இல்லாததால் ஆட்டம் முழுவதும் உங்கள் கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கும். மேலே சொன்ன விங்கர், கழுத்தைத் திருப்பும் நடுக்களத்துக்காரர், பின்னால் அடைப்பவர் எல்லாரையும் அங்கேதான் நிதானமாகப் பார்த்துப் பழக முடியும். புதிதாக மாறி வந்த பையன் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், நல்ல பாஸ் கொடுத்தால் பெயரைச் சொல்லிக் கைதட்டுங்கள். மைதானத்தில் நிற்கும் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

அடுத்த லீக் சீசன் தொடங்கியதும் வாருங்கள். தெருவில் ஆடும் ஒரு சின்னப் பையனையோ பெண்ணையோ கூடவே கூட்டிக்கொண்டு வாருங்கள்.